பின்னேற்பு பெற்ற நீலம்

அவருக்கு மகிழுந்து ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையேல், இனி வரும் செய்திகளைப் படிப்போர் அவரைத் தேர்ந்த ஓட்டுநர் என்று எண்ணிவிடக் கூடும். ஒருமுறை அவர் ஓட்டப் பழகியதுண்டு என்றும், பழக்க வந்தவர் சில நாள்களிலேயே வேறு தொழில் தேடிக்கொண்டார் என்றும் அவர் மனைவியே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆயினும், மகிழுந்தின் உள்ளே எந்த நிறத்தில் ஒளி பரவ வேண்டும் என்பதில் அவருக்கிருந்த உறுதி, அதை நாள்தோறும் ஓட்டியவருக்குக் கூட இருந்ததில்லை.

விழுப்புரத்தில் நான் குடியிருந்த ஆண்டுகளில் அவர் எனக்குப் பக்கத்து வீட்டார். ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசு அலுவலகங்களில் பின்னேற்பு என்றொரு வழக்கம் உண்டு. முன் இசைவு கேட்க நேரமில்லாத நெருக்கடியில் ஒன்றைச் செய்து முடித்துவிட்டு, பிறகு மேலதிகாரியிடம் ஒப்புதல் பெற்றுக்கொள்வது. வெள்ளத்திற்கும் தீ விபத்திற்கும் என்று யாரோ நல்லெண்ணத்தோடு வகுத்த ஏற்பாடு. அவர் அதையே தம் வாழ்க்கை நெறியாகக் கொண்டார். கேட்டுச் செய்தால் மறுத்துவிடுவார்கள். செய்துவிட்டுக் கேட்டால் முனகிக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள். மனித இயல்பைப் பற்றி அவர் கண்டறிந்த ஒரே உண்மை இதுதான். ஆனால் அந்த ஒன்றை அவர் முழுமையாகக் கற்றிருந்தார்.

பணியில் இருந்தபோது, அதிகாரி விடுப்பில் சென்ற ஒரு வாரத்தில், அலுவலகத்தின் இரும்பு அலமாரிகள் அனைத்தையும் கிளிப்பச்சையாக்கிவிட்டாராம். அதிகாரி திரும்பிய காலையில் வாயிலிலேயே மாலையிட்டு, பொன்னாடை போர்த்தி, அவருடைய காலத்தில் அலுவலகம் பெற்ற புதுப்பொலிவைப் பாராட்டி ஊழியர்கள் கைதட்டும்படி ஏற்பாடு செய்தாராம். கைதட்டல் ஓயாத நிலையில் கடிந்துகொள்ள எந்த அதிகாரியால் இயலும்? அலமாரிகள் இன்றும் கிளிப்பச்சையாகவே இருக்கின்றன என்று அவர் பெருமையோடு சொல்வார்.

அவருடைய வாயில் நிலையாகக் குடியிருந்த சொல் ஒன்று உண்டு. "பண்ணியாச்சி. இனிமே என்னாத்தப் பேசறது?" இதை அவர் மிடுக்கோடு சொல்வதில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர் ஆறுதல் கூறுவதைப் போல, குரலைத் தாழ்த்தி, எதிரில் இருப்பவரின் இழப்பில் தாமும் பங்கு கொள்கிற பாவனையில் சொல்வார்.

அவருடைய வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையே பொதுச் சுவர் ஒன்று இருந்தது. நான் வெளியூர் சென்றிருந்த நாள்களில் அதன் இரு பக்கத்துக்கும் கத்தரிப்பூ நிறம் பூசப்பட்டது. நான் வந்து பெட்டியைக் கீழே வைக்கும் முன்னரே, அவ்வூரார் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை அவித்து, ஒரு கிண்ணத்தில் ஏந்தியபடி அவர் என் வாயிலில் நின்றார். சூடான மல்லாட்டையை உரித்துக்கொண்டே, அந்த வட்டத்து நகர்மன்ற உறுப்பினர் சுவரின் முன் நின்று எடுத்துக்கொண்ட படத்தைக் கைப்பேசியில் காட்டினார். "நம்ப தெருவுலயே இதான் டாப்புன்னு அவரே சொல்லிட்டாரு ஐயா." மல்லாட்டை அருமையாக வெந்திருந்தது. நான் அவ்வாண்டு முழுவதும் கத்தரிப்பூ நிறத்தைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கினேன். அதன்பின் அவர் கிண்ணத்தோடு வரக் கண்டாலே, இம்முறை எது நிறம் மாறிவிட்டதோ என்று என் கண்கள் தாமாகவே சுற்றுமுற்றும் தேடத் தொடங்கின.

ஆனால் அவருக்கு வாய்த்த மேலதிகாரிகளுள் தலையாயவர் அவருடைய மனைவிதான். ஊரே அவரை டீச்சர் என்று அழைத்தது. கணவரும் அப்படியே அழைத்தார். அறிவியல் ஆசிரியை. அளந்து பேசுவார், பேசினால் அதில் வெட்டி எறிய ஒரு சொல்லும் இராது. முப்பதாண்டு இல்லறத்தில் கணவரின் செயல்களுக்கு அவர் வழங்கிய பின்னேற்புகளை எண்ண முடியாது.

ஒரு கிறிஸ்துமஸுக்குக் கூடத்துக் கூரையைச் சுற்றி நிறம் மாறும் ஒளிநாடாவை ஒட்டிவிட்டு, இருந்த குழல்விளக்கைக் கழற்றி யாருக்கோ தானம் செய்துவிட்டார் கணவர். நாடாவின் இயக்கி பழுதாகி, ஒளி சிவப்பிலேயே நின்றுவிட்டது. அரையாண்டுத் தேர்வுத் தாள்களோடு டீச்சர் அங்கே அமர்ந்தார். சிவப்பு மையால் திருத்துகிறார்; மை தாளில் விழுந்த கணமே மறைந்துபோகிறது. சிவப்பொளியில் சிவப்பு மை தெரியாதல்லவா? பத்துத் தாள்களைத் திருத்திய பிறகே, எந்த விடைக்கு எவ்வளவு போட்டோம் என்பது தமக்கே தெரியவில்லை என்று உணர்ந்தாராம். சண்டையிடவில்லை. தாள்களை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய், அடுப்பு மேடையில் வைத்துத் திருத்தத் தொடங்கினார். பின்னர் ஒவ்வொரு தேர்விலும் அதுவே வழக்கமாயிற்று. "டீச்சருக்கு கிச்சன்ல தான் கை ஓடுது" என்று கணவர் வருவோரிடம் விளக்கம் அளித்துவந்தார்.

இந்நிலையில்தான் டீச்சருக்குத் தலைமையாசிரியைப் பொறுப்பு வந்தது. திண்டிவனத்தில், அதே நிருவாகத்தைச் சேர்ந்த பள்ளி. ஓய்வுக்கு முன் எஞ்சியிருந்த சில ஆண்டுகளில் கிட்டிய ஒரே வாய்ப்பு. அவர் மறுத்தால் அடுத்தவருக்குப் போய்விடும். விழுப்புரத்திலிருந்து நாள்தோறும் போய்வர வேண்டும். பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்யும் முழங்கால் அல்ல அவருடையது. தொடர்வண்டி நேரங்களோ பள்ளி மணியோடு ஒத்துவரவில்லை. ஆகவே ஐம்பதைக் கடந்த வயதில் அவர் மகிழுந்து ஓட்டக் கற்றார். முதல் முயற்சியிலேயே உரிமம் பெற்றார். ஒருவரிடமிருந்து கைமாறிய, ஆனால் நல்ல நிலையில் இருந்த ஒரு சிறு வண்டியை வாங்கினார். வண்டி இருந்தால் பதவி உண்டு. வண்டி இல்லையேல் பதவி இல்லை. அவருடைய நிலை அவ்வளவு தெளிவாக இருந்தது.

புதிய பொறுப்புக்கான பயிற்சிக்கென்று டீச்சர் சில நாள் வெளியூரில் தங்க நேர்ந்தது. வண்டி வீட்டில் நின்றது. கணவரும் வீட்டில் இருந்தார்.

அவ்வண்டியின் முகப்புப் பலகையில் இரவில் மங்கிய ஆரஞ்சு நிறத்தில் எண்கள் ஒளிர்ந்தன. அது எல்லா வண்டியிலும் உள்ள நிறம் என்பதே அவரைப் பொறுத்தவரை அதன் குற்றம். கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, ஊர்மக்கள் மீட்டர் போர்டு என்று சொல்கிற அப்பகுதியை முழுதாகக் கழற்றி, துணி தேய்க்கும் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். நான் சுவர் வழியே எட்டிப் பார்த்தபோது, முட்களெல்லாம் பிடுங்கப்பட்டு, முகம் உரிக்கப்பட்டு, அது பரிதாபமாகக் கிடந்தது. காணொளியில் வந்தவர்கள் இதற்கென்றே விற்கும் சிறு விளக்குகளைப் பொருத்தினார்கள். இவருக்கோ வீட்டிலேயே பொருள் இருந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வாங்கி மீந்த நீல ஜெலட்டின் தாள். அதைக் கத்தரித்து, எண்களுக்குப் பின்னால் இருந்த ஆரஞ்சுத் தாளை உரித்துவிட்டு, அங்கே இடுக்கு விடாமல், இரண்டு மடிப்பாக ஒட்டினார்.

ஏன் நீலம் என்று கேட்டேன்.

"மாதா மேலாடை கலருங்க ஐயா," என்றார். அவர் குரலில் அப்போது மெய்யான பக்தி இருந்தது. "டீச்சர் தனியா போய் வர்றாங்க. தாயே கூட இருக்கிற மாதிரி இருக்கும் இல்ல?"

இதற்கு என்ன மறுமொழி கூற இயலும்? ஜெலட்டின் தாளைக் குறை சொன்னால் அன்னையைக் குறை சொன்னதாகும். அன்று அவருடைய கலையின் முழு ஆழத்தையும் கண்டேன்.

பலகையை மீண்டும் பொருத்தியபோது விரைவுமானியின் முள் தன் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வண்டி அசையாமல் நிற்க, முள் இருபதைக் காட்டியது. கொட்டகையில் நின்றபடியே வண்டி இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இது பிழையல்லவா என்றேன். "இருக்கிறதை வுட இருபது கூடக் காட்டுது. அப்ப டீச்சர் இருபது கொறச்சி தானே ஓட்டுவாங்க? சேஃப்டிங்க" என்றார். தவறுக்குக் கூடப் பின்னேற்பு தேடித் தருகிற மூளை அது.

டீச்சர் திரும்பிய மறுநாள் ஞாயிறு. புதிதாக வாங்கிய வண்டியைக் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பங்குத்தந்தையிடம் மந்திரித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பூசை முடிந்ததும் பங்குத்தந்தை வெளியே வந்து செபித்து, வண்டியைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தார். இவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "ஃபாதர், உள்ளாற இந்த மீட்டரு மேலயும் கொஞ்சம் தெளிச்சிடுங்க" என்று கேட்டுக்கொண்டார். அவர் நல்ல மனிதர், தாராளமாகவே தெளித்தார். டீச்சர் அப்போதுதான் குனிந்து உள்ளே பார்த்தார். பகல் வெளிச்சத்தில் ஒன்றும் புரிந்திராது. மாலையில் வீடு வந்து விளக்கைப் போட்டபோது புரிந்தது. அதற்குள் எல்லாம் மந்திரிக்கப்பட்டுவிட்டது. மேலதிகாரிக்கும் மேலான அதிகாரியிடம் கணவர் ஒப்புதல் வாங்கிவிட்டார்.

எனக்குக் காட்டவும் அழைத்தார். சாவியைத் திருப்பியதும் சிவப்பும் மஞ்சளுமாகச் சில எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து அணைவது மகிழுந்துகளின் இயல்பு. எண்ணெய் குறைந்தால் ஒன்று, இயந்திரம் சூடேறினால் ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. தாம் உயிரோடு இருப்பதை அவை அவ்வாறு தெரிவித்துக்கொள்கின்றன போலும். இவருடைய பலகையில் ஒன்றும் எரியவில்லை. ஆழ்கடல் போன்ற நீலத்தில் முட்கள் மட்டும் மிதந்தன.

"பாத்தீங்களா ஐயா? ஒரு கம்ப்ளெயின்ட்டு காட்டுதா? அவ்ளோ சுத்தமான வண்டி."

பின்னால் நின்ற டீச்சர் மெல்லச் சொன்னார்: "செவப்பு லைட்டு மேல நீலத்தை ஒட்டினா அங்க இருட்டு தாங்க. எட்டாங் கிளாஸ் பாடம்."

"மாதா நீலத்துல இருட்டு வருமா டீச்சர்?" என்றார் கணவர், சற்றே மனம் நொந்தவராக.

அத்துடன் அறிவியல் வாயடைத்துப் போயிற்று. தாளை எடுத்துவிடுங்கள் என்று டீச்சர் பிறகும் பலமுறை கேட்டது எனக்குத் தெரியும். தீர்த்தம் பட்ட பொருளைக் கிழிப்பதா என்று ஒருநாள். ஒருமுறை கழற்றியதை மறுபடி கழற்றினால் முள் இன்னும் விலகிவிடும் என்று மறுநாள். கண் பழகிக்கொள்ளும் என்று எல்லா நாளும். பதவியேற்ற பரபரப்பில் அவருக்கும் வாதாட நேரமில்லை. வழக்கம்போல் ஒப்பமிட்டுவிட்டார் என்றே நான் எண்ணினேன்.

காலைப் பயணத்தில் இடர் இல்லை. மாலையில்தான் தொல்லை. அந்தி சாய்ந்ததும் நீல எண்கள் பஞ்சு போல ஊதிப் பரவி, எது ஆறு எது எட்டு என்று தெரியவில்லை என்றார் டீச்சர். வெளிச்சத்தை விட்டுச் சாலையைப் பார்த்தால் சாலையும் சிறிது நேரம் நீலமாகத் தெரிந்ததாம். ஆகையால் இருட்டும் முன் வீடு சேர வேண்டி, மாலைச் சிறப்பு வகுப்பின் கடைசி மணிக்கு முன்பே புறப்படத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு முன்னால் வீட்டுக்குப் போகிற தலைமையாசிரியையைப் பற்றிப் பள்ளியில் பேச்சு எழுந்தது. நிருவாகத்தினர் அவரை அழைத்து, இயலவில்லையென்றால் பொறுப்பை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம் என்று பண்போடு கூறினார்கள்.

இதைக் கத்தரிப்பூ நிறச் சுவருக்கு அப்பால் நின்று அவர் என்னிடம் சொன்னபோது, கணவர் அருகிலேயே செடிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "நானும் அதான் சொல்றேன் ஐயா. இந்த வயசுல எதுக்கு அலைச்சல்? வுட்டுட்டு வந்து வூட்ல நிம்மதியா இருக்கட்டும்," என்றார்.

டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு விடைத்தாளை மறுமுறை படிப்பது போன்ற பார்வை அது.

பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பேச என்னை அழைத்திருந்தார்கள். மூவருமாக அவ்வண்டியில் திண்டிவனம் சென்றோம். டீச்சர் ஓட்டினார், கணவர் அருகில் அமர்ந்தார், நான் பின்னால். விழா முடிந்து புறப்படும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் ஏறியதும் முகப்பு விளக்கைப் போட்டார். கணவரின் முகம் முழுவதும் நீலம் படர்ந்தது. அவர் நிறைவோடு பெருமூச்சு விட்டார்.

எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று நான் இயல்பாகக் கேட்டேன்.

"தெரியாதுங்க ஐயா," என்றார் டீச்சர். "முள்ளைப் பாத்து ஓட்டறதை வுட்டுட்டேன். முன்னாடி போற பஸ்ஸைப் பாத்துக்கினு போறேன்."

நான் இருக்கையின் கைப்பிடியைத் தேடினேன்.

கூட்டேரிப்பட்டை நெருங்கும்போது ஏதோ தீய்ந்த நெடி அடித்தது. யாரோ வயலில் குப்பை கொளுத்துகிறார்கள் என்றார் கணவர். சற்று நேரத்தில் வண்டியின் முன்பக்கத்திலிருந்து வெண்புகை கிளம்பியது. பனி இறங்குகிறது என்றார். பிறகு வண்டி தானாகவே தளர்ந்தது. டீச்சர் அதை ஓரங்கட்டி நிறுத்தியபோது, பனி முன்மூடிக்குள்ளிருந்து சீறிக்கொண்டு வெளியே வந்தது.

அருகிலிருந்த கடையிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார். மூடியைத் திறந்தவர் இரண்டடி பின்வாங்கினார். இயந்திரத்தைக் குளிர்விக்கும் குழாய் விட்டுப்போய், நீரெல்லாம் எப்போதோ ஒழுகிப்போயிருந்தது. "ரெட் லைட்டு எரிஞ்சிருக்குமே. அப்பவே நிறுத்தறதுக்கு என்னா?" என்று கேட்டார்.

டீச்சர் கணவரைப் பார்த்து, "சொல்லுங்க," என்றார்.

"எரியலியே," என்றார் கணவர். துளியும் கள்ளமில்லாத முகத்தோடு சொன்னார். "எரிஞ்சிருந்தா நாங்க பாத்திருப்போம் இல்ல?"

மெக்கானிக் உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். நீலத்தை வெகுநேரம் நோக்கினார். பிறகு தலையை வெளியே எடுத்து, என்னைப் பார்த்து, யாருங்க இதைப் பண்ணது என்று கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன்.

கணவரை வண்டிக்குக் காவலாக விட்டுவிட்டு நானும் டீச்சரும் பேருந்தில் ஊர் திரும்பினோம். இருக்கை கிடைக்கவில்லை. கம்பியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலில் பாரத்தைத் தாங்கி நின்றார் அவர். விக்கிரவாண்டி தாண்டியதும், வண்டி சரியாகி வரும்போது அந்தத் தாள் அதில் இருக்காது என்று மட்டும் சொன்னார்.

இயந்திரம் வெந்துபோயிருந்ததால் வண்டி வாரக்கணக்கில் விழுப்புரத்துப் பட்டறை ஒன்றில் கிடந்தது. டீச்சர் பேருந்தில் போய்வந்தார். முழங்கால் வீங்கியது. பள்ளியில் நாற்காலிமேல் காலை நீட்டியபடி அலுவல் பார்த்தார் என்று கேள்வி. ஆனாலும் கடைசி மணி அடித்து, கடைசிப் பிள்ளை போன பிறகே கிளம்பினார். பட்டறைக்குத் தாமே சென்று, தாளைக் கிழித்தெறிந்து, முள்ளைச் சீராக்கி, பழையபடி ஆக்கிவிடுங்கள் என்று சொன்னார். மனத்தில் ஓர் உறுத்தல் எஞ்சியிருந்தது போலும். பங்குத்தந்தையிடமும் போய்க் கேட்டார். நானும் உடன் சென்றிருந்தேன்.

தோத்திரம் சொல்லி டீச்சர் செய்தியை விளக்கியதும், பங்குத்தந்தை சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நான் மந்திரிச்சது வண்டியத் தாங்கம்மா, ஜெலட்டின் பேப்பரை இல்ல. மந்திரிப்பு எங்கயும் போவாது. நீங்க தாராளமா கிழிச்சிப் போடுங்க."

இச்சொற்கள் எப்படியோ கணவரின் காதுக்கு எட்டின. ஆனால் முழுவதும் எட்டவில்லை. மந்திரிப்பு எங்கேயும் போகாது என்ற நடுப்பகுதி மட்டும் எட்டியது. அல்லது அவருக்கு வேண்டியது அவ்வளவே. நேரே பட்டறைக்குச் சென்றார். ஃபாதரே உறுதியாகச் சொல்லிவிட்டார், இனி மாற்றக் கூடாது என்றார். வீட்டில் ஒரு பேச்சு, கோவிலில் ஒரு பேச்சு என்று குழம்பிய பட்டறைக்காரர், வயதில் மூத்தவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டார். பழைய தாள் சுருங்கிப்போயிருந்ததால், இவரே கடைத்தெருவுக்குப் போய்ப் புதுத்தாள் வாங்கிவந்து கொடுத்தார்.

அன்று மாலை அவர் கிண்ணத்தோடு என் வாயிலில் தோன்றினார். நான் கிண்ணத்தை வாங்கவில்லை. வண்டி வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"பண்ணியாச்சி ஐயா," என்றார், தாழ்ந்த குரலில். "முன்ன இருந்ததை வுட இப்ப நல்லா டார்க்கா வந்திருக்குது."

டீச்சர் பள்ளியிலிருந்து வந்தார். கொட்டகைக்குப் போய், கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். சாவியைத் திருப்பினார். நீலம் அவர் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. அணைத்து, சாவியை எடுத்துக் கணவரின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் சண்டையை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். தட்டு வைக்கும் ஓசைதான் கேட்டது. இதற்கும் ஒப்பமிட்டுவிட்டார் என்று எண்ணி, எனக்கே சற்று வெறுப்பாக இருந்தது.

மறுவாரம் தம் உறவினர் வீட்டு விருந்துக்கென்று கணவர் அனந்தபுரம் போனார். பள்ளி வேலை இருக்கிறது என்று டீச்சர் உடன் செல்லவில்லை. கணவர் போன சற்று நேரத்தில் ஒரு சரக்கு வண்டி தெருவில் வந்து நின்றது. ஒரு கட்டில், ஒரு மேசை, புத்தகப் பெட்டிகள், அடுப்பு, சில பாத்திரங்கள் ஆகியவை அதில் ஏறின. கத்தரிப்பூ நிறச் சுவரருகே வந்து, போய் வருகிறேன் என்று என்னிடம் கைகூப்பினார் டீச்சர். எங்கே என்று நான் கேட்டதற்கு, பள்ளிக்கு இரண்டு வீடு தள்ளி, கீழ்த்தளத்தில், படியேற வேண்டாத இடம் என்றார். அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன் என்றார்.

முடித்துவிட்டே சொன்னார். விருந்திலிருந்து திரும்பிய கணவர் வீட்டின் வெற்றிடங்களைப் பார்த்துவிட்டு என் வாயிலுக்கு ஓடிவந்து நின்றபோது, அவருடைய கைப்பேசி ஒலித்தது. பதற்றத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டதால் எனக்கும் கேட்டது. டீச்சரின் குரலில் கோபமோ அழுகையோ இல்லை.

"வீடு எடுத்தாச்சிங்க. பால் காய்ச்சியாச்சி. இங்க இருக்கிற ஃபாதர் வந்து வீட்டை மந்திரிச்சிட்டும் போய்ட்டாரு. கேப்பைமாவு செவப்பு டப்பாவுல இருக்குது."

கணவர் ஏதோ பேச வாயெடுத்தார். ஒரு வீடு மந்திரிக்கப்பட்டுவிட்ட பின் அதை எதிர்த்துப் பேச அவருக்குத் தெரிந்த வாதம் எதுவும் இல்லை. எவ்வளவோ பேரை அவர் நிறுத்திவைத்த இடத்தில் இப்போது தாம் வந்து நிற்பதை அவர் உணர்ந்தாரா என்று முகத்தைப் பார்த்தேன். உணர்ந்ததாகத் தெரியவில்லை. "என்னைக் கேக்காம பண்ணிட்டாங்களே ஐயா. இப்படியும் செய்வாங்களா ஒருத்தங்க?" என்று உண்மையான வியப்போடு கேட்டார்.

டீச்சர் தலைமையாசிரியையாகவே தொடர்ந்தார். பிள்ளைகள் போன பின்னும் அவருடைய அறையில் விளக்கு எரிகிறது என்று திண்டிவனத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். ஞாயிறுதோறும் கணவர் பேருந்தில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அவ்வீட்டில் எல்லாம் வெள்ளையாக இருக்கிறது, மருத்துவமனை போல இருக்கிறது என்று குறை சொன்னார். ஒருமுறை அங்கே சன்னலுக்கு நிறத்தாள் ஒட்ட முயன்றதாகவும், வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று டீச்சர் தடுத்துவிட்டதாகவும் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் அப்படி ஒன்றும் கேட்கவில்லை என்று டீச்சர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

வண்டி விழுப்புரத்தில் நின்றது. ஓட்டுவதற்கு ஆள் இல்லை. பொழுது சாயும் வேளையில் கணவர் கொட்டகைக்குப் போய், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, கை நீட்டிச் சாவியைத் திருப்பி நீலத்தை ஏற்றிக்கொள்வார். வானொலியும் வைத்துக்கொள்வார். என்னைக் கண்டால், "வாங்க ஐயா, உக்காருங்க. எவ்ளோ ஜில்லுனு இருக்குது பாருங்க" என்பார். இரண்டொரு மாலை நானும் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கிறேன். ஓட்டுநர் இருக்கை வெறுமையாக இருக்க, முள் இருபதில் நிற்க, நாங்கள் இருவரும் எங்கோ போய்க்கொண்டிருப்பவர்கள் போல முன்னே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஓடாத வண்டியின் மின்கலம் எத்தனை மாலைக்குத் தாங்கும்? ஒருநாள் அவர் சாவியைத் திருப்பியபோது ஒன்றும் எரியவில்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒலிப்பானை அழுத்தினார்; அதுவும் வாய் திறக்கவில்லை. சுவரருகே வந்து சொன்னார்:

"ஐயா, டீச்சருக்கு ஒரு போன் போட்டு, பேட்டரி செத்துப்போச்சின்னு சொல்லுங்க. வண்டிய வந்து பாக்கச் சொல்லுங்க. நான் சொன்னா வர மாட்டாங்க. நீங்க சொன்னா வருவாங்க."

அவர் எதிரிலேயே அழைத்தேன். செய்தியைச் சொன்னேன்.  மறுமுனையில், டீச்சரைச் சுற்றி, மாலை வகுப்புப் பிள்ளைகள் ஏதோ மனப்பாடம் செய்யும் ஒலி கேட்டது.

"அப்படியே இருக்கட்டும்ங்க ஐயா," என்றார். "இப்பதான் அதைப் பாத்தா கண்ணு கூசாது."

நான் கைப்பேசியைத் தாழ்த்தினேன். சுவருக்கு அப்பாலிருந்து அவர் எட்டிப் பார்த்தார்.

"எப்ப வர்றாங்களாம்?"